ரோவே 750: வரைபடம் ஷாங்காயில், இயந்திரம் நான்ஜிங்கில்

கிளட்ச்பெடல் எழுதியது:

சீனக் கார் என்றாலே இன்று எல்லோரும் பேட்டரிக் காரைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய கட்டத்தில்தான் ஆர்வம். 2006இல் ஒரு பெட்ரோல் செடான் வந்தது. பெயர் ரோவே 750. ஷாங்காயின் அரசு நிறுவனமான சாயிக், வெளிநாட்டுக் கூட்டாளி யாரும் இல்லாமல் தன் பெயரில் கொண்டுவந்த நடுத்தர செடான் அது. அது உருவான விதம் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதிப் பார்த்ததில்லை. அதனால் இந்த இழை.

மூலக் கார் இங்கிலாந்தின் ரோவர் 75. 1998 அக்டோபரில் பர்மிங்காம் கண்காட்சியில் வெளியானது. ரிச்சர்ட் வுல்லி வரைந்தது. ரோவரை 1994இல் வாங்கிய பி.எம்.டபிள்யூதான் அதற்குப் பணம் போட்டது. நல்ல கார், ஆனால் நேரம் சரியில்லை. வெளியீட்டு நாளன்றே பி.எம்.டபிள்யூ தலைவர் பெர்ன்ட் பிஷெட்ஸ்ரீடர் ரோவரின் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையின் எதிர்காலம் பற்றிக் கவலையோடு பேசிவிட்டார். மறுநாள் செய்தித்தாள்களில் காரை விட அந்தப் பேச்சுதான் பெரிதாக வந்தது.

2000 மே மாதம் பி.எம்.டபிள்யூ விலகியது. லேண்ட் ரோவர் ஃபோர்டுக்குப் போனது. மினியைத் தானே வைத்துக்கொண்டது. மிச்சத்தை ஜான் டவர்ஸ் தலைமையிலான ஃபீனிக்ஸ் குழுவுக்கு 10 பவுண்டுக்குக் கொடுத்தது. 10 கோடி இல்லை, வெறும் 10 பவுண்டு. கூடவே 42 கோடியே 70 லட்சம் பவுண்டு வட்டியில்லாக் கடனும் தந்தது. ஆனால் 'ரோவர்' என்ற பெயரை மட்டும் விற்கவில்லை, பயன்படுத்த அனுமதி கொடுத்ததோடு சரி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் குழுவிடம் போன நிறுவனத்துக்குப் பெயர் எம்ஜி ரோவர். புது மாடல் செய்யும் அளவுக்கு அதனிடம் பணம் இல்லை. 2003இல் புனேயிலிருந்து டாடா இண்டிகாவை வரவழைத்து 'சிட்டிரோவர்' என்று விற்றுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2004இல் சாயிக்கோடு பேச்சு நடந்தது. 100 கோடி பவுண்டு முதலீடு, கூட்டு நிறுவனத்தில் 70 சதவீதம் சாயிக்குக்கு என்பது திட்டம். பேச்சு முடிவதற்குள் கையிருப்பு கரைந்துகொண்டிருந்ததால், ரோவர் 75, 25 ஆகிய இரண்டு கார்களின் வடிவமைப்பு உரிமையையும் கே சீரிஸ் இன்ஜின் உரிமையையும் 6 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு சாயிக்குக்கு விற்றார்கள். 2005 ஏப்ரலில் பேச்சு முறிந்து நிறுவனம் திவாலானது. சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. ஜூலையில் திவால் சொத்துகள் விற்பனைக்கு வந்தன. சாயிக்கும் கேட்டது. ஆனால் நான்ஜிங் ஆட்டோமொபைல் என்ற இன்னொரு சீன நிறுவனம் சுமார் 5 கோடியே 30 லட்சம் பவுண்டு கொடுத்துத் தட்டிக்கொண்டு போய்விட்டது. இயந்திரங்கள், டைகள் (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சுகள்), இன்ஜின் லைன், எம்ஜி என்ற பெயர், எல்லாம் அவர்களுக்கு.

ஆக ஒரே காருக்கு இரண்டு சீன உரிமையாளர்கள். காரைத் தயாரிக்கும் சட்டபூர்வ உரிமை ஷாங்காயில், அதைச் செய்யும் கருவிகள் 300 கிலோமீட்டர் தள்ளி நான்ஜிங்கில். இருவரும் காரைக் கொண்டுவந்தார்கள். யார் முந்தினார்கள், ஏன் முந்தினார்கள் என்பதைத்தான் பேச விரும்புகிறேன்.

மெக்கானிக்பட்டறை எழுதியது:

அருமையான இழை அண்ணா. கே சீரிஸ் என்றதும் கை பரபரக்கிறது. அந்த இன்ஜினைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

1980களின் கடைசியில் வந்தபோது அது உண்மையிலேயே முன்னோடி. முழுக்க அலுமினியம், எடை மிகக் குறைவு. சிலிண்டர் ஹெட், பிளாக், அடியில் பேரிங் சட்டம் எல்லாவற்றையும் தனித்தனி அடுக்காக வைத்து, மேலிருந்து கீழ்வரை ஊடுருவும் பத்து நீளமான போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். இட்லித் தட்டுகளை அடுக்கி நடுவில் கம்பி செருகுவது மாதிரி. 1.1, 1.4 லிட்டருக்காகப் போட்ட வடிவம் அது. அப்புறம் அதையே துளையைப் பெரிதாக்கி, லைனரை மாற்றி, 1.8 லிட்டர் வரை இழுத்தார்கள்.

இன்ஜினுக்குள் சுற்றும் தண்ணீர் கொஞ்சம்தான். தெர்மோஸ்டாட் இருந்த இடமும் ஒரு பிரச்சினை. குளிர்ந்த தண்ணீர் திடீரென உள்ளே பாயும், பிளாக்கும் ஹெட்டும் ஒரே வேகத்தில் விரியாது. ஹெட் லேசாக நகரும், இரண்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் கேஸ்கெட்டின் ரப்பர் பிசிறும், கூலண்ட் ஒழுகும். ஓட்டுநர் கவனிப்பதற்குள் இன்ஜின் வெந்துவிடும். ரோவர் பெயரைக் கெடுத்ததில் இந்த ஒரு கோளாறுக்குப் பெரும் பங்கு உண்டு.

என் கேள்வி: இதை அப்படியே சீனாவுக்குக் கொண்டு போனார்களா, சரிசெய்தார்களா?

கிளட்ச்பெடல் எழுதியது:

சரிசெய்தார்கள். யார் செய்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம்.

இயந்திரம் கைவிட்டுப் போனதும் சாயிக் ஆட்களைத் தேடிப் போனது. இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் ரிக்கார்டோ என்ற பொறியியல் ஆலோசனை நிறுவனம் 'ரிக்கார்டோ 2010' என்று தனிக் கிளை ஒன்றைத் தொடங்கியது. அதன் வேலை சாயிக்கின் கார்களை உருவாக்கித் தருவது. வேலை பார்த்தவர்கள் யார்? எம்ஜி ரோவர் மூடியபோது வீட்டுக்கு அனுப்பப்பட்ட பொறியாளர்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். ரோவர் 75இன் ஒவ்வொரு மூலையும் தெரிந்தவர்கள். எந்த போல்ட்டை ஏன் அங்கே வைத்தோம், எதைச் செய்ய நினைத்துப் பணமில்லாமல் விட்டோம் என்பது அவர்கள் தலையில் இருந்தது. எந்த வரைபடத்திலும் அது இருக்காது.

கே சீரிஸின் பிளாக்கை பலப்படுத்தினார்கள். கேஸ்கெட்டைப் பல அடுக்கு எஃகுக்கு மாற்றினார்கள். கார்ப் பக்கம் பார்த்தால், சக்கர இடைவெளியை 2,746 மில்லிமீட்டரிலிருந்து 2,849க்கு நீட்டினார்கள். 103 மில்லிமீட்டரும் பின் சீட்டுக்காரரின் காலுக்கு. சீனாவில் அந்த விலைக் காரை வாங்குபவர் பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்து வருபவர், அதிகாரி அல்லது முதலாளி. முன் கிரில், பின் விளக்கு, டேஷ்போர்டு எல்லாம் புதிது. 1.8 டர்போ, 2.5 லிட்டர் வி6 என இரண்டு இன்ஜின். ரோவர் 75இல் இருந்த டீசல் இன்ஜின் பி.எம்.டபிள்யூவுடையது, ரோவே 750 பெட்ரோலோடு நின்றது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். சாயிக் ரோவர் பெயரையே பி.எம்.டபிள்யூவிடம் கேட்டது. லேண்ட் ரோவரை வாங்கியபோதே ஃபோர்டுக்கு முதல் உரிமை எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2006இல் ஃபோர்டு அதைப் பயன்படுத்திப் பெயரை வாங்கிக்கொண்டது. அதனால்தான் ரோவே என்ற புதுப் பெயர். அதே ஆண்டு நவம்பரில் பெய்ஜிங் கண்காட்சியில் காரைக் காட்டினார்கள், 2007 தொடக்கத்தில் விற்பனை. திவாலுக்கும் இதற்கும் நடுவே இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

மூட்டை மூட்டையாக டைகளை வாங்கிய நான்ஜிங் அதே ரோவர் 75இலிருந்து செய்த எம்ஜி 7, 2007 மார்ச் கடைசியில்தான் லைனிலிருந்து இறங்கியது. கருவி எதுவும் இல்லாதவர் முந்திக்கொண்டார்.

பெருங்களத்தூர்வாசி எழுதியது:

இதைப் படிக்கப் படிக்க எனக்கு ஸ்டாண்டர்ட் 2000 நினைவுதான். இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ், 1985இல் ஒரு ரோவர் காரை அந்தப் பெயரில் கொண்டுவந்தது. ரோவர் எஸ்டி1. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது. அழகான கார், இன்றைக்குப் பார்த்தாலும் அழகுதான்.

இங்கிலாந்தில் அந்தக் காரில் 3.5 லிட்டர் வி8 இருந்தது. இங்கே அதைப் போட முடியவில்லை. பழைய வேங்கார்டு காரின் 2 லிட்டர் இன்ஜினை, 1940களின் வடிவத்தை, எடுத்துப் பொருத்தினார்கள். நம் சாலைக்காகத் தரையிலிருந்து உயரத்தைக் கூட்டினார்கள். கார் நின்றால் ராஜா, நகர்ந்தால் திணறல். எண்ணெயும் குடித்தது. விலையோ அந்தக் காலத்து மாருதியையும் அம்பாசடரையும் விடப் பல மடங்கு. 1988இல் முடிந்தது கதை. அத்தோடு தொழிற்சாலையும் போனது. மிச்சம் கிடந்த உதிரிபாகங்களை இங்கிலாந்து வியாபாரிகள் வந்து வாங்கிப்போனார்கள்.

அவர்களும் ரோவர், இவர்களும் ரோவர். சென்னையில் ஏன் முடியவில்லை, ஷாங்காயில் ஏன் முடிந்தது? கிளட்ச்பெடல் சொன்ன பதில் பாதி சரி என்று நினைக்கிறேன். ஸ்டாண்டர்ட் அந்தக் காரின் பொறியாளர்களைக் கொண்டுவரவில்லை, உண்மை. ஆனால் கொண்டுவந்திருந்தாலும் நல்ல இன்ஜினை இறக்குமதி செய்ய அன்றைய லைசென்ஸ் முறை விட்டிருக்குமா? சந்தேகம்தான். நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களை எனக்குத் தெரியும். நல்ல கைகள்.

நேர்கணக்கு எழுதியது:

எல்லோரும் ரோவேயைச் சீனக் கார் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கிலாந்துக்காரன் வரைந்தது, ஜெர்மன்காரன் பணம் போட்டது, இங்கிலாந்துக்காரனே திருத்திக் கொடுத்தது. சீனா பணம் கொடுத்தது, பூட்டியது, விற்றது. இதை உருவாக்கம் என்று எப்படிச் சொல்வது?

உண்மையான சீன செடான் வேண்டுமென்றால் அதே ஷாங்காயில் ஒன்று இருந்தது. ஷாங்காய் எஸ்எச் 760. 1958இல் 'ஃபெங்ஹுவாங்' என்ற பெயரில் முதல் கார்கள், 1964 முதல் ஷாங்காய் என்ற பெயரில். மெர்சிடிஸ் 220 எஸ்ஸைப் பார்த்துச் செய்தார்கள் என்பது தெரிந்ததுதான், ஆனால் தொழிலாளர்கள் கையால் தட்டித் தட்டித் தகட்டை வளைத்த கார். 1991 வரை ஓடியது. கிட்டத்தட்ட 79,000 கார்கள். அதை மூடிவிட்டு ஃபோக்ஸ்வேகன் சாந்தனாவுக்கு இடம் கொடுத்தார்கள். அன்று தொலைத்ததைத்தான் 15 வருஷம் கழித்துக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

கிளட்ச்பெடல் எழுதியது:

நேர்கணக்கு, எஸ்எச் 760ஐ இழுத்து வந்ததற்கு நன்றி. ஆனால் முடிவில் நான் மாறுபடுகிறேன்.

1991இல் அந்தக் காரை அப்படியே தொடர்ந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? முப்பது வருஷமாகப் பெரிதாக மாறாத கார். நம் அம்பாசடர் கதையேதான். சாந்தனா வேறு ஒன்றைக் கொடுத்தது. 1980களின் நடுவில் அதன் உற்பத்தி தொடங்கியபோது உள்ளூரில் கிடைத்தவை டயர், ரேடியோ, ஆன்டெனா போன்ற சில்லறைப் பொருட்கள்தான். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டில் ஷாங்காய் நகராட்சி பிடிவாதமாக நின்று, ஒவ்வொரு பாகத்துக்கும் உள்ளூர் சப்ளையரை உருவாக்கியது. ஃபோக்ஸ்வேகன் தரத்தில் தேறாத பாகத்தைத் திருப்பி அனுப்பினார்கள், மறுபடி செய்யச் சொன்னார்கள். 1997இல் ஜெனரல் மோட்டார்ஸ் வந்தபோது அந்த சப்ளையர் வட்டம் இன்னும் பெருத்தது.

வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாயிக்கால் டை முதல் புதிதாகச் செய்ய முடிந்ததற்குக் காரணம் இதுதான். பெருங்களத்தூர்வாசி சாரின் கேள்விக்கும் என் பதில் இதுவே. ஸ்டாண்டர்டுக்குப் பின்னால் அப்படி ஒரு வட்டம் 1985இல் இல்லை. சில வருஷம் கழித்து மாருதியும், 1990களின் கடைசியில் சென்னைக்கு வந்த ஹூண்டாயும் ஃபோர்டும்தான் இங்கே அதை வளர்த்தன.

பர்மிங்காம்தமிழன் எழுதியது:

நான் லாங்பிரிட்ஜுக்கு அருகில் குடியிருப்பவன். தொழிற்சாலை இருந்த நிலத்தின் பெரும்பகுதியில் இப்போது கடைகள், கல்லூரி, வீடுகள். இங்கே அந்தக் கதையைச் சொல்லும்போது சீனாக்காரர்களை யாரும் அதிகம் திட்டுவதில்லை. கோபமெல்லாம் ஃபீனிக்ஸ் குழுவின் மேல். அந்தக் குழுவின் நான்கு பேரும் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியும் சேர்ந்து சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் எடுத்துக்கொண்டது சுமார் 4 கோடியே 20 லட்சம் பவுண்டு என்று 2009இல் வெளியான அரசு விசாரணை அறிக்கை சொன்னது. பேச்சு முறியும் தறுவாயில் தொழிலாளருக்கு ஒரு வாரச் சம்பளம் கொடுக்க அரசு 65 லட்சம் பவுண்டு கடன் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இழையில் யாரும் தொடாத ஒன்று: வேலை இழந்தவர்களில் ரிக்கார்டோ 2010க்குப் போக முடிந்தவர்கள் கொஞ்சம் பேர். வடிவமைப்பும் கணக்கும் தெரிந்தவர்கள். வெல்டிங் செய்தவருக்கும் பெயின்ட் அடித்தவருக்கும் லெமிங்டனில் இடம் இல்லை. அறிவு மனிதர்களிடம் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். எந்த மனிதர்களிடம் என்று கேட்டால் ஆலைத்தளத்தில் நின்றவர்களையும் சேர்த்துத்தான் சொல்வேன். அவர்களை யாரும் தேடி வரவில்லை.

சாயிக் 2007இல் ரிக்கார்டோ 2010ஐ முழுவதுமாக வாங்கித் தன் இங்கிலாந்துத் தொழில்நுட்ப மையமாக ஆக்கியது. பிறகு அது லாங்பிரிட்ஜுக்கே வந்தது. 2011இலிருந்து 2016 வரை எம்ஜி 6ஐயும் இங்கே பூட்டினார்கள், சீனாவிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு.

மெக்கானிக்பட்டறை எழுதியது:

பர்மிங்காம் அண்ணா சொன்னது மனதைத் தொட்டது.

ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். ரோவர் 75 முன்சக்கர இயக்கம். ஆனால் நடுவில் பெரிய சுரங்கம் மாதிரி ஒரு மேடு இருக்கும், பின்சக்கர வண்டியில் இருப்பது போல. அதைப் பார்த்து இது பி.எம்.டபிள்யூ 5 சீரிஸின் அடித்தளம் என்று பலர் கிளப்பிவிட்டார்கள். உடல் முறுக்கம் தாங்குவதற்காக வைத்தது அது. ஆனால் பிறகு எம்ஜி ரோவர் அந்த இடத்தில் உண்மையிலேயே டிரைவ் ஷாஃப்ட்டை ஓட்டி, ஃபோர்டு மஸ்டாங்கின் 4.6 லிட்டர் வி8ஐப் போட்டு, பின்சக்கர இயக்கத்துக்கு மாற்றி, எம்ஜி இசட்டி 260 என்று விற்றார்கள். பணமே இல்லாத நிறுவனம் இதில் பணம் போட்டது. எனக்கு அந்தக் கார் மேல் கொள்ளை ஆசை, ஆனால் அந்தப் பணத்தைக் கேஸ்கெட்டில் போட்டிருக்கலாம்.

நான்ஜிங் கடைசியில் என்ன ஆனது?

கிளட்ச்பெடல் எழுதியது:

2007 டிசம்பரில் சாயிக்கும் நான்ஜிங்கும் இணைந்தன. சுமார் 210 கோடி யுவான் கைமாறியது. மேலிடம் விரும்பிய இணைப்பு அது. அரசுக்குச் சொந்தமான இரண்டு நிறுவனங்கள் ஒரே காரைப் போட்டி போட்டுச் செய்வதை யாராலும் நியாயப்படுத்த முடியவில்லை. எம்ஜி பெயர் அப்படித்தான் சாயிக்குக்கு வந்தது. நான்ஜிங் இரண்டு ஆண்டு பட்ட பாடு வீண் என்று சொல்ல மாட்டேன். எம்ஜி பெயர் இன்று சாயிக்கின் ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்துகிறது. 2005இல் அந்தப் பெயரின் மதிப்பை சாயிக்கை விட அவர்கள் சரியாகக் கணித்தார்கள்.

இன்னொரு ஒப்பீடு, அதே 2004இல் நடந்தது. சாயிக் கொரியாவின் சாங்யோங் நிறுவனத்தில் 48.9 சதவீதம் வாங்கியது, அப்புறம் 51 சதவீதத்துக்கு மேல் போனது. ஓடிக்கொண்டிருந்த முழு நிறுவனம், ஆலை, ஆட்கள், மாடல்கள் எல்லாம் உண்டு. தொழில்நுட்பத்தை எடுத்துப் போகிறார்கள் என்று தொழிற்சங்கம் சந்தேகப்பட்டது. 2009இல் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது, சாயிக் கட்டுப்பாட்டை இழந்தது, பியோங்தேக் ஆலையைத் தொழிலாளர்கள் 77 நாள் பிடித்து வைத்திருந்தார்கள். சாயிக் கையில் மிஞ்சியது ரோவே டபிள்யூ5 என்ற ஒரு எஸ்யூவி. ரோவரில் திவாலுக்குப் பின் ஆட்களைச் சம்பளம் கொடுத்துக் கேட்டுப் பெற்றார்கள், நிலைத்தது. கொரியாவில் அதிகாரம் செலுத்திப் பெறப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை.

நேர்கணக்கு எழுதியது:

சாங்யோங் விஷயம் நல்ல வாதம். ஆனாலும் 2012ஐப் பாருங்கள். ரோவே 950 வந்தது, பெரிய செடான். அதன் அடித்தளம் ஜெனரல் மோட்டார்ஸுடையது, பியூக் லக்ராஸோடு பகிர்ந்தது. ரோவர் 75இலிருந்து அவ்வளவு கற்றிருந்தால் அடுத்த பெரிய செடானுக்கு ஏன் மறுபடி அமெரிக்கனிடம் போக வேண்டும்? 750ஐ 2016 வரை இழுத்துவிட்டு நிறுத்தினார்கள். அதற்கு நேர் வாரிசு என்று ஒரு கார் இல்லை.

கிளட்ச்பெடல் எழுதியது:

950 பற்றி நீங்கள் சொல்வது சரியான குறை. அது சோம்பல் முடிவு என்றே நானும் சொல்வேன். மேல்தட்டு செடானில் சாயிக்குக்குத் தன் பெயர் மேல் நம்பிக்கை வரவில்லை. 2 லட்சம் யுவானுக்கு மேல் கொடுத்து ரோவே வாங்குபவர், கொஞ்சம் சேர்த்து சாயிக்கும் ஃபோக்ஸ்வேகனும் சேர்ந்த கூட்டு நிறுவனத்தின் பஸாட் காரை வாங்கிவிடலாம். வீட்டுக்குள்ளேயே போட்டி.

ஆனால் வாரிசை நான் அளவில் கீழே தேடுவேன். 2008இல் ரோவே 550 வந்தது. அதே இங்கிலாந்து ஆட்களும் ஷாங்காய் ஆட்களும் சேர்ந்து செய்தது. உடல் வடிவம் புதிது, இன்ஜின் திருத்தப்பட்ட கே சீரிஸ் வழி வந்த 1.8. அதிலிருந்து எம்ஜி 6. 2013இல் அதே 550இல் செருகி சார்ஜ் செய்யும் ஹைபிரிட். 750க்கு ஓர் ஆங்கில மூலத்தைக் காட்டலாம். 550க்கு அப்படி ஒரே ஒரு காரைக் காட்ட முடியாது. என் கணக்கில் 750 பயிற்சி, 550 தேர்வு.

புதுக்கோட்டைபைக்கர் எழுதியது:

அண்ணன்மார்களே, இவ்வளவும் படித்தேன். ஒரு நேரடிக் கேள்வி. 2019 முதல் நம் நாட்டில் ஓடும் எம்ஜி ஹெக்டரில் இந்த ரோவர் 75 பரம்பரை ஏதாவது இருக்கிறதா? மாமா ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறார். கே சீரிஸ் கேஸ்கெட் கதையைப் படித்ததும் பயந்துவிட்டார்.

மெக்கானிக்பட்டறை எழுதியது:

தம்பி, மாமாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹெக்டர் என்பது சாயிக், ஜெனரல் மோட்டார்ஸ், வூலிங் மூன்றும் சேர்ந்த கூட்டு நிறுவனத்தின் பாவ்ஜுன் 530. அதைத்தான் நமக்கேற்ப மாற்றி குஜராத்தின் ஹாலோலில், முன்பு ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த ஆலையில் செய்கிறார்கள். டீசல் இன்ஜின் ஃபியட்டுடையது, பெட்ரோல் 1.5 டர்போ. கே சீரிஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரோவர் பக்கத்திலிருந்து வந்தது முன்னால் இருக்கும் எண்கோண எம்ஜி முத்திரை மட்டும்தான், அதுவும் நான்ஜிங் வழியாக. எந்த வண்டியானாலும் கூலண்ட் அளவை மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.